ஸ்டாண்ட் விளக்கு

நூலகர் வீட்டு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் வந்தபோது, வேறு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். நூலகர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் அவர் வீட்டுத் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியில்தான் பட்டறைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். போனில் பேசியது அவர் மனைவி. "நீங்க பாத்த வண்டிதானேண்ணா, அதோட நாடி உங்களுக்குத்தான தெரியும்" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாலை நான்கு மணிதான். ஆனால் மழை இருட்டிக்கொண்டு நின்றது. பழைய வீடு. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே தகரக் கூரை போட்ட சந்து, அதன் கடைசியில் வண்டி. விபத்துக் கேஸ் முடிந்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பிய பிறகு யாரோ ஹேண்டில்பாரை நிமிர்த்தியிருந்தார்கள். ஈரச்சுவர் வாடையோடு, ஓடி நின்ற எஞ்சினின் சூட்டு வாடையும் வந்தது. சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், போய்வர இந்த வண்டிதான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, அவள் டீ போட உள்ளே போனாள். ஜன்னலுக்கு அப்பால் அவள் மகள், ஒன்பது வயது இருக்கும், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு எனக்கு ஒரு வரிசை உண்டு. பேட்டரி செத்திருந்தது, கையோடு கொண்டுபோனதை மாட்டினேன். பியூஸ் நன்றாக இருந்தது. ஹாரன் அடித்தால் அக்கம்பக்கமே எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். பிளக்கைக் கழற்றி எஞ்சினில் ஒட்டிப்பிடித்து உதைத்தேன். பொறி வரவில்லை. கரண்டு வண்டிக்குள் இருக்கிறது, ஆனால் பிளக்குக்கு வராமல் எங்கேயோ தடுக்கப்படுகிறது.

அப்போதுதான் மீட்டரைப் பார்த்தேன். மூலையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சைடு ஸ்டாண்ட் கீழே இருந்தால் எரியும் விளக்கு அது. எரிகிறவரை எஞ்சின் கிளம்பாது. ஸ்டாண்டை மடக்க மறந்துவிட்டு யாரும் வண்டியை எடுத்துவிடக் கூடாது என்று கம்பெனிக்காரன் வைத்த காவல்.

வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. சைடு ஸ்டாண்ட் மேலேதான் மடங்கியிருந்தது.

அது மட்டுமல்ல. அந்த விளக்கு எரிய வழியே கிடையாது. வழியை அடைத்தவன் நான்.

நூலகர் இறப்பதற்குப் பத்து நாள் முன்பு இதே வண்டி இதே கோளாறோடு என் பட்டறைக்கு வந்தது. ஸ்டாண்டின் ஸ்விட்ச் போயிருந்தது. புதுசு வர இரண்டு நாள் ஆகும். எனக்கோ அன்றைக்குக் கைநிறைய வேலை. ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு ஒயரையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். 'டைரக்ட் பண்ணுறது' என்போம். அதன்பிறகு ஸ்டாண்ட் கீழே கிடந்தாலும் மேலே இருப்பதாகவே வண்டி நம்பும். எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறேன். என்ன கோளாறு என்று நூலகர் கேட்டார். எப்போதும் நூலகத்துக்குள் இருப்பதுபோலவே மெதுவாகப் பேசுகிற மனிதர். "மண்ணுதான் சார், தொடச்சிட்டேன்" என்றேன்.

அவர் மறதிக்காரர். அந்தக் காவலை நம்பியே ஓட்டியவர். பத்தாம் நாள் இடதுபக்கம் திரும்பும்போது, மடக்காத ஸ்டாண்ட் ரோட்டில் குத்தித் தூக்கி எறிந்தது. பின்னால் லாரி. கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். நான் மாலை வாங்கிக்கொண்டு போய், முன்வரிசையில் நின்று, எல்லோரையும்போல உச்சுக்கொட்டிவிட்டு வந்தேன்.

டேப்பைப் பிரித்தேன். என் கையால் முறுக்கிய முறுக்கு அப்படியே இருந்தது. அதைத் தனியே வெட்டி எடுத்தேன். விளக்கு எரிந்தபடியே இருந்தது. பையில் புது ஸ்விட்ச் ஒன்று வைத்திருந்தேன். எதற்காக எடுத்துப்போனேன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தடயத்தை அழிக்கத்தான். ஸ்விட்சை மாட்டி, பழைய முறுக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். விளக்கு அணைந்தது. பட்டனைத் தொட்டதும் எஞ்சின் ஓடியது. அப்பாடா என்று இருந்தது.

அவள் டீயோடு வந்து தம்ளரை என் கையில் கொடுத்தாள். ஓடுகிற வண்டியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"அன்னிக்கு நான்தாண்ணா போன் போட்டு அவசரப்படுத்தினேன். அந்த அவசரத்துலதான் ஸ்டாண்ட மறந்துட்டாரு. நானே அவர அனுப்பி வச்சிட்டேன்."

"விதிம்மா" என்றேன்.

எஞ்சின் நின்றது. சிவப்பு விளக்கு.

மறுபடி பட்டனை அழுத்தினேன். ஓடியது. லூஸ் கனெக்‌ஷனாக இருக்கும் என்றேன். சாருக்கும் கொஞ்சம் மறதி உண்டுதானே என்று சேர்த்துச் சொன்னேன்.

நின்றது.

சாவியைத் திருப்பி உருவி எடுத்தேன். விளக்கு அணையவில்லை.

காலடியில் 'டக்' என்று சத்தம். ஸ்டாண்ட் தானாகக் கீழே இறங்கியிருந்தது.

என் காதோரம் சூடாக ஒரு மூச்சு. அதே மெதுவான குரல்.

"மண்ணுதானா?"

டீ தம்ளர் என் கையிலிருந்து விழுந்தது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனாலும் சொன்னேன்.

"சார் மறந்தாரும்மா. ஆனா மறந்தா வண்டி நிக்கணும். நிக்கவிடாம பண்ணினது நான்."

சட்டைப்பையிலிருந்த முறுக்கை எடுத்து அவள் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"சொல்லல."

ஒயரைக் கையில் பிடித்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

"இவளுக்குக் காய்ச்சல்னுதான் அன்னிக்கு நான் போன் போட்டேன். தன் காய்ச்சலாலதான் அப்பா செத்துட்டார்னு இவ எட்டு மாசமா சரியாத் தூங்குறதில்ல. என்கிட்ட சொன்னத இவகிட்ட சொல்லுங்க."

அம்மாவிடம் சொன்னது பெரிதில்லை. அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் நான் செத்துப் பிழைத்தேன். முதல் வார்த்தை வெளியே வந்ததும் எஞ்சின் தானாக ஓட ஆரம்பித்தது. சாவி என் கைக்குள் இருந்தது. "உன்னால இல்லம்மா, என்னால" என்று நான் சொல்லி முடிக்கும்வரை ஓடி, பிறகு நின்றது. அந்தக் குழந்தை அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இனி இந்த வீட்டுப் பக்கம் வராதீர்கள் என்று அம்மா சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அதோடு விட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்குமுன்பே ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். ஸ்டார்ட் ஆகவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறதாம். அடுத்த நாள் இன்னொருவர். அதற்கடுத்த நாள் இரண்டு பேர். எல்லாம் நான் டைரக்ட் பண்ணின வண்டிகள். புது ஸ்விட்ச் போட்டு, செய்த தப்பையும் வாய்திறந்து சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றும் ஓடுகிறது. சிலர் திட்டுகிறார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். பிடிக்கட்டும் என்று நின்றேன்.

இன்று விடியற்காலை என் மைத்துனன் போன் பண்ணினான். அவன் இருப்பது இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில். அவன் வண்டிக்கும் செய்தேன் என்பதையே நான் மறந்திருந்தேன்.

"மாமா, ஸ்டாண்ட எடுக்காமலே கெளம்பிட்டேன். திருப்பத்துக்கு முன்னாடி வண்டி அப்படியே நின்னுடுச்சு. பின்னாலயே லாரி, தப்பிச்சேன். இப்ப ஸ்டாண்ட மடக்கியும் லைட்டு அணைய மாட்டேங்குது."

உடனே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன்.

"தள்ள முடியல மாமா" என்றான். "பின்னாடி யாரோ உக்காந்திருக்கிற மாதிரி கனமா இருக்கு."