வண்டிக்கு முளைத்த மீசை

உப்பளம் பகுதியில் கார்குழலியின் வீட்டுக்கு எதிரே மழைநீர் வடியும் குழாய் ஒன்று இருக்கிறது. அன்று காலை அதற்குள்ளிருந்து "மீ... மீ..." என்று மெல்லிய அழுகை கேட்டது.

ஆறாம் வகுப்புப் படிக்கும் கார்குழலி, தரையில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரே இருட்டு. தாய்ப்பூனை ஒன்று குழாயின் வாயருகே தவித்துக்கொண்டிருந்தது.

"குட்டி உள்ள மாட்டிக்கிச்சுடி" என்றாள், தெருமுனையில் மீன் விற்கும் பாக்கியலட்சுமி அக்கா. "தீயணைப்புக்காரங்களுக்கு போன் போட்டேன். எங்கயோ மரம் விழுந்துடுச்சாம். வர நேரமாவுமாம்."

அவள் ஒரு நெத்திலியைக் குழாயின் வாயில் வைத்தாள். குட்டி அழுததே தவிர வெளியே வரவில்லை. வானம் கருத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் தெருத் தண்ணீரெல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் ஓடும்.

கார்குழலி வீட்டுக்கு ஓடினாள். "அண்ணா, உன் ரோபோ வண்டிய எடுத்துக்கிட்டு வா. சீக்கிரம்."

பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் வெற்றிச்செல்வன் செய்த வண்டி அது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு கேமரா, பின்னால் நீண்ட ஒயர். ஒயரின் மறுமுனையில் உள்ள பெட்டியை வைத்து ஓட்டலாம். கேமரா பார்ப்பது கைபேசியில் தெரியும்.

வண்டி குழாய்க்குள் நுழைந்தது. கொஞ்ச தூரம் போனதும் சேறு தெறித்துக் கேமராவை மூடிவிட்டது. வெற்றிச்செல்வன் குத்துமதிப்பாக ஓட்டினான். டொக்கென்று எதிலோ முட்டி வண்டி நின்றது. ஒயரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். கேமராவைத் துடைத்து மறுபடி அனுப்பினார்கள். மறுபடியும் சேறு, மறுபடியும் டொக்.

"உள்ள ஒரு வளைவு இருக்கு. கண்ணே தெரியாம எப்படி ஓட்டறது?" என்று சலித்துக்கொண்டான் அவன்.

அப்போது தாய்ப்பூனை குழாய்க்குள் தலையை நுழைத்தது. அதன் மீசை இருபக்கமும் குழாயில் பட்டு மடங்கியது. 'உடம்பு நுழையாது' என்று புரிந்ததுபோல் தலையை வெளியே எடுத்துக்கொண்டது.

கார்குழலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, பூனைக்குக் கண்ணால பாக்க முடியலன்னா மீசையால தொட்டுப் பாக்குது. நம்ம வண்டிக்கும் மீசை வெச்சா என்ன?"

"வண்டிக்கு மீசையா?" என்று சிரித்தான் வெற்றிச்செல்வன். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "இரு, இரு. வைக்கலாம்."

துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சிகளை உருவி வந்தாள் கார்குழலி. அவன் வண்டியின் இருபக்கமும் லேசாகத் தொட்டாலே அழுந்தும் பொத்தான்களைப் பொருத்தி, அவற்றில் குச்சிகளைக் கட்டினான். இடது மீசை எதிலாவது பட்டால் கையிலுள்ள பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். வலது மீசை பட்டால் பச்சை விளக்கு.

"எங்க மாமனாருக்குக்கூட இவ்ளோ பெரிய மீசை இல்ல" என்றாள் பாக்கியலட்சுமி அக்கா.

இந்த முறை கார்குழலி ஓட்டினாள். சிவப்பு எரிந்தால் வலப்பக்கம் திருப்பினாள். பச்சை எரிந்தால் இடப்பக்கம். கொஞ்சம் கொஞ்சமாக வண்டி வளைவைத் தாண்டியது. முதல் மழைத்துளி அவள் கழுத்தில் விழுந்தது.

திடீரென்று பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

"சுவருதான். திருப்பு" என்றான் அண்ணன்.

"இல்லண்ணா. சுவருன்னா எரிஞ்சுகிட்டே இருக்கும். இது தொட்டுத் தொட்டு விடுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "குட்டி மீசையோட விளையாடுது."

வண்டியை அவள் அசைக்கவில்லை. குட்டியின் பயம் தெளியட்டும் என்று காத்திருந்தாள். மழை வலுத்தது. பிறகு வண்டியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினாள். விளக்கு அணைந்தது. வண்டியை நிறுத்தினாள். பச்சை மறுபடி மின்னியது.

"வருது, பின்னாடியே வருது."

நகர்த்தினாள், நிறுத்தினாள், நகர்த்தினாள். அண்ணன் ஒயரைச் சுற்றிக்கொண்டே வந்தான். கடைசியில் வண்டி வெளியே வந்தது. அதன் மீசையைப் பல்லால் கவ்வியபடி, சேற்று உருண்டைபோல் ஒரு குட்டியும் வந்தது. தெருத் தண்ணீர் அப்போதுதான் சலசலவென்று குழாய்க்குள் இறங்கத் தொடங்கியிருந்தது.

எல்லோரும் வீட்டு வாசலில் ஒதுங்கினார்கள். தாய்ப்பூனை குட்டியைத் தலை முதல் வால் வரை நக்கிச் சுத்தம் செய்தது. பிறகு பக்கத்தில் சேறும் மீசையுமாக நின்ற வண்டியைப் பார்த்தது. இதுவும் நம் பிள்ளைதான் என்று நினைத்ததோ என்னவோ, அதையும் நக்கத் தொடங்கியது.

வெற்றிச்செல்வனின் கைபேசியில் படம் மெல்லத் தெளிந்தது. திரை முழுக்க ஒரு பெரிய இளஞ்சிவப்பு நாக்கு.