பழைய பேக்கப்

கதவை யாரும் தொடவே இல்லை. ஆனாலும் பூட்டு டக்கென்று விழுந்தது.

சர்வர் அறையில், இயந்திரங்களின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கும் எலும்பைத் துளைக்கும் ஏசி குளிருக்கும் நடுவே, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கதவோரத்துக் கார்டு கருவியில் பச்சை போய்ச் சிவப்பு எரிந்தது. திரையில், ரீஸ்டோர் முடிந்தது என்று வந்திருந்தது.

அலுவலகக் கதவுகளையெல்லாம் ஆளும் டேட்டாபேஸ் நேற்றுப் படுத்துவிட்டது. புது பேக்கப் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள், எதுவும் தேறவில்லை. போன வருஷத்துக் காப்பி ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. "எது வருதோ அதைப் போடும்மா, நாளைக்கு ஆளுங்க உள்ள வந்தாகணும்," என்று மேலாளர் போனில் அவசரப்படுத்தினார். போட்டுவிட்டாள்.

கார்டைக் காட்டினாள். சிவப்பு. துடைத்துக் காட்டினாள். சிவப்பு. அப்போதுதான் உறைத்தது. அந்தக் காப்பி எடுத்தபோது அவள் இங்கே வேலைக்கே சேரவில்லை. கதவுக்கு அவளைத் தெரியாது.

தன் புத்திசாலித்தனத்தை நினைத்துச் சிரிப்புகூட வந்தது. வாசல் செக்யூரிட்டிக்கு போன் போட்டாள்.

"அண்ணே, சர்வர் ரூம்ல மாட்டிக்கிட்டேன். வந்து திறந்து விடுங்களேன்."

"என் கார்டுக்கு அந்த ரூம் திறக்காதே மேடம். உள்ள இன்னொருத்தர் இருக்காரே, அவரைத் திறக்கச் சொல்லுங்க."

"யாரு?"

"இங்க ஸ்க்ரீன்ல போட்டோவோட காட்டுதே. கண்ணாடி போட்டவர், நெத்தியில தழும்பு. சரி, இருங்க, நானே வரேன்."

செக்யூரிட்டி புதிதாகச் சேர்ந்தவர், அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவளுக்குத் தெரியும். அந்தத் தழும்புக்காரர், அவளுக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர். இதே அறையில் தீயணைக்கும் வாயு தவறித் திறந்துகொண்டதில், மூச்சுமுட்டிச் செத்தவர். அவர் பதிவை அன்றே நீக்கியிருந்தார்கள்.

இன்று அவள் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள்.

கடைசி வரிசைக்குப் பின்னால், இரைச்சலுக்கும் அடியில், இன்னொரு சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து, காற்றுக்குத் தவிக்கிற மூச்சு.

கீபோர்டுக்கு ஓடினாள். அந்தப் பதிவை அழித்துவிட்டால் போதும். திரை அவளை வெளியே தள்ளியிருந்தது. மறுபடி நுழையப் பார்த்தாள்; அவள் பெயரில் ஒருவரே இல்லை என்றது.

மூச்சு நெருங்கியது.

சுவரோடு ஒண்டினாள். கண்ணை இறுக மூடினாள். ஏதோ ஒன்று உரசிக்கொண்டு போனது. பீப். கதவு திறந்தது. பாய்ந்தாள். டக். பூட்டிக்கொண்டது.

கதவின் சின்னக் கண்ணாடிக்கு அப்பால் செக்யூரிட்டி. பக்கத்தில் ஒரு முதுகு.

"மேடம் எங்க சார்?"

"உள்ள யாரும் இல்லையேப்பா."

கதவைக் குத்தினாள். கத்தினாள். செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். அவள் முகத்துக்கு நேரே. காலி அறையைப் பார்ப்பதுபோல.

தலையாட்டினார். விளக்கை அணைத்தார்.

கண்ணாடியோடு வாயை ஒட்டி அவள் அலறினாள். குளிர்ந்த கண்ணாடி. ஆவி படரவே இல்லை.