தீனா எந்தக் கப்பலில்?

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை மணியாகியும் ஆர்.கே.புரத்தில் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. இந்திராணி இரண்டாவது காபிக்குப் பால் வைத்த நேரத்தில் அழைப்பு மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால் கவிதா. ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டிருந்தாள். அதைக்கூடக் கவனிக்காமல் ஓடி வந்திருக்கிறாள்.

"அக்கா, நம்ம குரூப்ல ஒரு பொய்க்காரி இருக்கா."

"யாரு?"

"கோவிந்தம்மா. அவ சொல்லுத மவன் அந்தக் கப்பல்லயே கிடையாது."

இந்திராணி அடுப்பை அணைத்தாள். காபி இனி ஆகாது என்று தெரிந்துவிட்டது.

குரூப்பின் பெயர் 'நங்கூரம்'. டெல்லியில் இருக்கும் தமிழ் அம்மாக்கள். எல்லோருடைய பிள்ளைகளும் கடற்படையில் மாலுமிகள். தொடங்கியவள் இந்திராணி. அமைச்சகத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் கௌதமன் முதல் தடவை கடலுக்குப் போனபோது, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் தவித்துப்போய் ஆரம்பித்தது. கப்பல் பெயர், துறைமுகம், தேதி மூன்றையும் குரூப்பில் போடக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். மற்றபடி மூட்டுவலி, பெண் பார்த்தது, பேரன் நடந்தது, குழம்பு கெட்டது, எல்லாம் அங்கே வரும்.

"உக்காரு. முதல்லேருந்து சொல்லு."

"எம்மவன் பிரதீப்புக்குப் புதுசா போஸ்டிங் வந்துச்சுல்லா? கப்பல் பேரு கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கோவிந்தம்மா ஒருநா எங்கிட்ட தனியா சொன்ன அதே பேரு. அவ மவன் தீனாவப் பாத்து நம்ம ஊரு புள்ளன்னு பேசுலேன்னு சொல்லி அனுப்புனேன். நேத்து ராத்திரி கப்பல் கரைக்கு வந்ததும் போன் அடிச்சான். அப்படி ஒருத்தன் இங்க இல்ல, எப்பவுமே இருந்ததில்லங்கான்."

"பிரதீப் அதுக்கு முன்னாடி எப்பப் பேசினான்?"

"கடலுக்குப் போனதுல இருந்து பேச்சே இல்லக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

இந்திராணிக்குத் தெரியும். கௌதமனிடமிருந்து குரல் வந்து மூன்று வாரமாகிறது.

"அதுவும் அவ கேக்குத கேள்வியப் பாருங்க. கப்பல் எப்ப கரைக்கு வரும், லீவு எப்ப வுடுவாங்க, வாயத் தொறந்தா இதுதான். அம்மா மாதிரி பேசி விசயத்தைக் கறக்க ஆளு வருதாம், பசங்களை எச்சரிச்சிருக்காங்க. நான் போலீஸ்ல சொல்லப் போறேன். குரூப்பயும் கலைச்சிருவோம்."

போலீஸ் என்றால் கோவிந்தம்மாளின் ஜுக்கிக் குடிசைக்கு ஜீப் வரும். அவள் வீட்டு வேலை செய்யும் கோட்டிகளுக்கு, அந்த அதிகாரி பங்களாக்களுக்கெல்லாம், செய்தி போகும். மறுநாள் எந்தக் கதவும் அவளுக்குத் திறக்காது. குரூப் கலைந்தால் மற்றவர்கள் மறுபடி ஆளுக்கொரு அறையில் தனியாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"சாயந்திரம் வரைக்கும் எனக்கு டைம் குடு," என்றாள் இந்திராணி. "நீயும் கூட வா. முதல்ல ஸ்வெட்டரைத் திருப்பிப் போடு."

*

மோதி பாக் பக்கத்து ஜுக்கியில் கோவிந்தம்மாளின் வீடு ஒரே அறை. சுவரில் ஒரு போட்டோ. மொட்டையடித்த மாதிரி முடி வெட்டிய பையன், வெள்ளைச் சீருடையில் விறைப்பாக நின்றான். இந்திராணி அதனருகே போய் நின்று பார்த்தாள். கௌதமனும் பயிற்சியின்போது இதே மாதிரி ஒன்று எடுத்து அனுப்பினான். அதே மைதானம், அதே கொடிமரம். இது எந்த ஸ்டுடியோவிலும் எடுத்ததில்லை.

"வாங்கக்கா, வாங்க! சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே," என்று கோவிந்தம்மாள் பாயை விரித்தாள். விழுப்புரத்துப் பேச்சு, டெல்லிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் மாறவில்லை.

கவிதா உட்காரவில்லை. இந்திராணி உட்கார்ந்தாள்.

"தீனா கடைசியா எப்ப பேசினான்?"

"இன்னிக்குக் காலையில வாய்ஸ் போட்டானே."

"நேத்து?"

"நேத்தும்தான். டெய்லி போடுவான்கா. வீடியோ மட்டும் வராது, கப்பல்ல வுட மாட்டாங்களாம்."

"வீட்டுக்கு வந்திருக்கானா?"

"தீவாளிக்கு ரெண்டு நாள் வந்தான். வெயில்ல கறுத்துப் போயி, கையெல்லாம் காப்பு காச்சி. எப்படா மறுபடி வருவேன்னு கேட்டா தேதியே சொல்ல மாட்டேங்கிறான். அதான் உங்களையெல்லாம் தொணதொணன்னு கேக்கறேன். உங்க புள்ளைங்களுக்காச்சும் தெரியுமான்னு."

கவிதாவின் முகத்தில் நம்பிக்கையில்லை. "ரொம்ப நல்லா நடிக்குதா இவ," என்று இந்திராணியின் காதில் முணுமுணுத்தாள்.

"அந்த வாய்ஸைக் கொஞ்சம் போடு, கோவிந்தம்மா."

முதலாவது அன்று காலை வந்தது. "அம்மா, பனி மூடிக் கிடக்குது. ரோடு கிராஸ் பண்றப்ப பாத்துப் போ. வண்டிக்காரனுக்குக் கண்ணே தெரியாது."

இரண்டாவது முந்தின வாரத்தது. "இங்க செம குளுரு. உதடெல்லாம் வெடிச்சி ரத்தம் வருதும்மா. சிரிக்கக்கூட முடியல."

மூன்றாவதைக் கோவிந்தம்மாள் பெருமையோடு போட்டாள். "இதக் கேளுங்க, கடல் சத்தமே கேக்கும்!"

கேட்டது. நூற்றுக்கணக்கான கடற்காகங்களின் கூச்சல். அதற்குள் தீனாவின் குரல்: "கேக்குதாம்மா? எல்லாம் பறவைங்க. சரி, வேலை இருக்குது, வெக்கிறேன்." பின்னால் கனமான ஒரு கடகடப்பு எழுந்து, நீண்டு, தேய்ந்து போனது.

"அது கப்பல் எஞ்சின்," என்றாள் கோவிந்தம்மாள்.

இந்திராணி போனை வாங்கிக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். மறுபடி கேட்டாள். மறுபடியும். ஆயிரம் குரல்களுக்கு நடுவே தவறான இணைப்பைக் கண்டுபிடித்துப் பழகிய காது அது. பறவைக் கூச்சலுக்குள் எங்கோ தூரத்தில் ஒரு ஆண்குரல் இழுத்து இழுத்து எதையோ கூப்பிட்டது.

கண்ணைத் திறந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

"கோவிந்தம்மா, செருப்பைப் போட்டுக்கோ. நாம ஒரு இடத்துக்குப் போகணும்."

"கோட்டி வேலை இருக்குதுக்கா..."

"இன்னிக்கு லீவு சொல்லிடு."

*

மெட்ரோவில் காஷ்மீரி கேட், அங்கிருந்து ஆட்டோ. "எங்கக்கா போறோம்?" என்று கவிதா இரண்டு தரம் கேட்டாள். இந்திராணி ஆட்டோக்காரரிடம், "பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தியதோடு சரி.

யமுனைக் கரைப் படிக்கட்டில் இறங்கியதும் கோவிந்தம்மாள் சட்டென்று நின்றாள்.

பனிக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் கிளம்பின. ஆற்றின் மேல் சுழன்று கத்தின. படகில் நின்ற ஒருவன் தீனியை வீசி, "ஆவோ... ஆவோ..." என்று இழுத்துக் கூப்பிட்டான். பழைய இரும்புப் பாலத்தில் ரயில் ஒன்று ஏறியது. கனமான கடகடப்பு எழுந்து, நீண்டு, தேய்ந்து போனது.

"இது..." கோவிந்தம்மாளின் கை நெஞ்சுக்குப் போனது. "இது என் போன்ல இருக்கிற சத்தம்."

"ஆமா," என்றாள் இந்திராணி. "கவிதா, நீ சொன்னது சரிதான். நம்ம குரூப்புக்குள்ள ஒரு பொய் வந்தது. ஆனா சொன்னது இவ இல்ல. இவகிட்ட சொன்னவன் தீனா."

இந்திராணி நிதானமாகச் சொன்னாள்.

"உதடு வெடிக்கிறது எங்க? கடல் காத்துல ஈரம் இருக்கும். ஜனவரியிலயும் அங்க வேர்க்கும்னு கௌதமன் சொல்லுவான். உதடு வெடிக்கிற வறட்டுக் குளிர் நம்ம டெல்லிக் குளிர். இன்னிக்குக் காலையில பனி மூடிக் கிடக்குன்னு அவனுக்கு யார் சொன்னது? கண்ணால பாத்துச் சொல்றான். இந்தக் கடற்காகம் வருஷா வருஷம் குளிருக்கு யமுனைக்கு வந்துடும். அதுக்குப் பின்னால கேட்டது எஞ்சின் இல்ல. எஞ்சின் சத்தம் ஒரே சீரா இருக்கும். இது தூரத்துலேருந்து வந்து, தாண்டிப் போச்சு."

"அது ரெயிலா?" என்றாள் கவிதா.

"பாலத்து மேல போற ரயில். ஆனா நான் சந்தேகப்பட்டது இதையெல்லாம் கேக்கறதுக்கு முன்னாடியே. நம்ம எல்லாரும் பாத்து, பொறாமைப்பட்டு, விட்டுட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. இவ பையன் தினமும் பேசறான். பிரதீப் கடலுக்குப் போனா பேச்சு உண்டா? என் கௌதமன்? கடல்ல இருக்கற பிள்ளையோட அம்மாவுக்கு வர்ற ஒரே சேதி ஒண்ணும் வராததுதான். தினமும் குரல் வந்தா அவன் கரையில இருக்கான்."

கோவிந்தம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அந்தப் போட்டோ? பொய்யா?"

"போட்டோ நிஜம். அவன் சேர்ந்தது நிஜம். நடுவுல என்னவோ நடந்திருக்கு. அத அவன்தான் சொல்லணும்."

கரையோரம் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்ட இளைஞர்கள் ஒரு மோட்டார் படகைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் விழுகிறவர்களைத் தூக்குகிற மீட்புப் படகு. அதிலிருந்து ஒருவன் நிமிர்ந்தான். கையிலிருந்த துணி தண்ணீரில் விழுந்தது.

"அம்மா?"

தீனா மேலே ஏறி வந்தான். இடது காலை லேசாக இழுத்து வைத்தான். தீபாவளிக்கு வந்தபோது அதை எப்படியோ மறைத்திருக்கிறான்.

"டிரெயினிங்ல முட்டி உடைஞ்சி போச்சும்மா. ஆபரேசன் பண்ணாங்க, நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஆனா கப்பலுக்கு ஆவாதுன்னு அனுப்பிட்டாங்க. நீ எல்லாக் கோட்டிலயும் லட்டு குடுத்து வச்சிருந்த. எம்புள்ள நேவின்னு ஆஃபீசருங்க கிட்டயெல்லாம் சொல்லி வச்சிருந்த. எந்த மூஞ்சிய வச்சிக்கினு வீட்டுக்கு வர்றது?"

"கப்பல் பேரு?" என்றாள் கவிதா.

"கூட இருந்தவனுக்குப் போஸ்டிங் வந்த கப்பல். வாய்க்கு வந்திச்சி, சொல்லிட்டேன்."

கோவிந்தம்மாள் எழுந்தாள். அவன் தலையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவன் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, உதட்டைப் பார்த்தாள்.

"ஆபரேசன் பண்ணப்ப யாருடா கஞ்சி வெச்சிக் குடுத்தா உனக்கு? இதே ஊர்ல இருந்துக்கினு... வாசலின் வாங்கித் தடவக்கூட ஆள் இல்லாம..." அவன் அழுதான். கவிதா வேறு பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது ஆற்றில் ஒரு கூச்சல். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் போட்டோவுக்காக மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு படகில் நிற்க, எதிர்ப் படகில் நின்ற போட்டோக்காரர் பறவைகளெல்லாம் படத்துக்குள் வரட்டும் என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டார். தலை ஒரு முறை தெரிந்தது. கோட்டும் பூட்சும் இழுக்க, உள்ளே போனது.

தீனா அங்கே இல்லை. படிகளை எப்படித் தாண்டினான் என்று யாருக்கும் தெரியவில்லை. படகு சீறிக்கொண்டு போனது. அவன் குதித்தான். பறவைகள் மொத்தமாக எழும்பி எதையும் பார்க்கவிடாமல் மறைத்தன. கோவிந்தம்மாள் இந்திராணியின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். வெள்ளைத் திரை விலகியபோது, போட்டோக்காரரின் காலரைப் பிடித்தபடி தீனா படகின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தான். கரையில் கைதட்டல் எழுந்தது. போட்டோக்காரர் இருமி இருமி முதலில் கேட்டது தன் கேமராவை.

"என் புள்ள," என்றாள் கோவிந்தம்மாள், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சர்தார்ஜியிடம், தமிழிலேயே.

தீனாவுக்கு உலர்ந்த உடை மாற்றி, டீ வாங்கிக் கொடுத்து, எல்லோரும் ஓரளவு அமைதியானபின் கோவிந்தம்மாள் இந்திராணியிடம் போனை நீட்டினாள்.

"என்னை குரூப்லருந்து எடுத்துடுக்கா. அது நேவி அம்மாங்களுக்கு."

இந்திராணி பேசுவதற்குள் கவிதா குறுக்கே வந்தாள்.

"யாரு எடுக்கது? காலையில உங்கள என்னவெல்லாமோ நெனச்சுட்டேன், கோவிந்தம்மாக்கா. மனசுல வச்சுக்கிடாதீய. நீங்களே குரூப்ல சொல்லுங்க. உள்ளத அப்படியே சொல்லுங்க."

கோவிந்தம்மாள் சற்று யோசித்தாள். மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் தீனா அம்மா பேசறேன். எம்புள்ள கப்பல்ல இல்லீங்க. கால் அடிபட்டு வந்துட்டான். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். யமுனையில போட் ஓட்டறான். இப்ப என் கண்ணு முன்னாடி ஒரு ஆளைத் தூக்கிக் காப்பாத்தினான். நல்லா இருக்கறான். அவ்ளோதான்."

அனுப்பிவிட்டு, சூடான எதையோ தொட்டுவிட்டதுபோல் போனை மடியில் போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. கவிதா நகத்தைக் கடித்தாள். அப்புறம் கைகூப்பிய படங்களும் பூக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியாக லோதி ரோட்டு அம்பிகாவின் குரல் வந்தது. குரூப்பில் அதிகம் பேசாதவள்.

"கோவிந்தம்மாக்கா, தம்பி டெல்லியிலேயேவா இருக்கு? அச்சா, ரொம்ப நல்லதாப் போச்சு. எங்க அண்ணன் பொண்ணு நர்சிங் முடிச்சிருக்கா. கப்பல் மாப்பிள்ளை வேண்டாம், தினமும் வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ஜாதகம் இருந்தா அனுப்புங்க."

தீனா டீயைத் துப்பினான். மூன்று அம்மாக்களும் ஒரே நேரத்தில் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள்.