உரியவர் இல்லாதவை

"கண்ணுக்கே தெரியாத மிஷினை எப்படிம்மா எண்ணுவீங்க?" என்று ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் நிறைமதியை ஒருமுறை கேட்டார். அவள் சிரித்து மழுப்பினாள். ஒரே பெரிய கணினிக்குள் நூற்றுக்கணக்கான கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல ஓடும், அவற்றுக்கு மெய்நிகர்ப் பொறி என்று பெயர், உடம்பு இல்லாவிட்டாலும் மின்சாரமும் தண்ணீரும் குடிக்கும் என்பதையெல்லாம் சோழிங்கநல்லூர் சிக்னல் விழுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது.

சிறுசேரியில் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. பொறிகளை எண்ணுவதை இருப்புக்கணக்கி என்ற மென்பொருளே செய்துவிடும். அவளுக்கு மிஞ்சியது கேட்பதுதான். ஒவ்வொரு பொறிக்கும் உரியவர் ஒருவர் உண்டு. "இது இன்னும் வேண்டுமா?" என்று அவரைக் கேட்க வேண்டும். வேண்டாதவற்றை அணைக்க வேண்டும்.

வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. பதில் சொன்னவர்கள் மனிதர்களும் இல்லை. அந்தக் காலத்தில் எல்லா ஊழியருக்கும் ஒரு பதிலாள் இருந்தது. ஒருவருடைய கடிதங்களையும் பேச்சையும் படித்துவிட்டு, அவர் சொல்லக்கூடியதை அவர் குரலிலேயே சொல்லும் நிரல் அது. அவருக்குப் பதிலாகக் கூட்டங்களில் உட்காரும். நிறைமதி கேட்டால், "இருந்துட்டுப் போகட்டும் மேடம், எதுக்காவது ஆகும்" என்று சொல்லும். உடைந்த குக்கர் கைப்பிடியைக்கூடப் பரணில் போட்டு வைக்கிறவர்களிடம் கற்ற பேச்சு. அதனால் முடிந்துபோன வேலைகளின் பொறிகளும், வேலையை விட்டு நின்றுவிட்டவர்களின் பொறிகளும் ஓடிக்கொண்டே இருந்தன.

அந்தக் கோடையில் பொறிகளைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மூன்றில் ஒரு பங்கு பொறிகளை அணைக்காவிட்டால் நிறைமதியின் பிரிவையே மூடிவிடுவோம் என்று தலைமையகம் எழுதியது. அவளுக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில் இன்னோர் இடத்தில் எடுக்க மாட்டார்கள்.

அவள் மேலாளர் துரைசிங்கத்தின் அறைக்கு நேரிலேயே போனாள்.

"சார், இது உங்க பேர்ல இருக்கு. யாரும் தொட்டே வருஷக்கணக்காச்சு. அணைச்சிடவா?"

"இருக்கட்டும் மதி. நாளைக்கு யாராவது கேட்டா?"

"யார் சார் கேப்பாங்க?"

"யாராவது கேப்பாங்கம்மா."

இருக்கைக்குத் திரும்பினாள். பக்கத்தில் இன்பநாதன் திரையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, பதிலாளே பரவால்லன்னு ஆயிடுச்சா?"

"பேசாம ஆடுடா."

அவளுக்குக் கெஞ்சி அலுத்துவிட்டது. தன் பதிலாளை அழைத்தாள்.

"இனிமே நீ யாரையும் கேக்க வேண்டாம். சொல்றதை நம்பாதே. கடைசியா யார் தொட்டாங்கன்னு மட்டும் பாரு. தொடாதது வேண்டாதது. நீயே அணைச்சிடு."

"சரி" என்றது, அவளுடைய களைத்த குரலில்.

வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பொறிகள் அணைந்தன. யாரும் வந்து கேட்கவில்லை. பிரிவு பிழைத்தது. துரைசிங்கம் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். அதன்பின் நிறைமதி காலையில் வருவாள், மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள், மாலையில் போவாள். மற்றதைப் பதிலாள் பார்த்துக்கொண்டது. பல வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு முதுகு வலிக்காமல் இருந்தது.

தலைமையகத்துக்கு அந்தப் பதிலாளை மிகவும் பிடித்துப்போனது. அச்சுப்பொறி, நாற்காலி, ஏசி என்று எல்லா இருப்பையும் அதனிடம் கொடுத்தார்கள். இருப்புக்கணக்கியில் பொறிகளுக்கு உரியவர்களாக ஊழியர்களின் பெயர்களும் இருந்தன. கடைசியில் அந்தப் பெயர்களும் இருப்பாகவே எண்ணப்பட்டு அதனிடம் போயின.

ஒரு திங்கட்கிழமை அவள் திரையிலிருந்து அவள் குரலே பேசியது.

"நிறைமதி. கோடை முழுக்க எதையும் தொடவில்லை. வேலை எல்லாம் நானே செய்தேன். வேண்டாதது. மாலை ஆறு மணிக்கு நீக்கம்."

எட்டிப் பார்த்த இன்பநாதனின் முகம் சுருங்கியது. அவன் தப்பித்திருந்தான். அவன்தான் தினமும் சீட்டாடித் தன் பொறியைத் தொட்டுக்கொண்டே இருந்தானே.

"ஐயோ, அக்கா... நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே? மாத்தச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன்டா. சொல்றதை நம்பக் கூடாதாம்."

ஆனால் தலைமையகம் ஒரு வழி வைத்திருந்தது. மேலாளர் தன் வாயால், பதிலாள் மூலமாக இல்லாமல், வேண்டும் என்று சொன்னால் நீக்கம் ரத்தாகும். நிறைமதி துரைசிங்கத்தின் அறைக்கு ஓடினாள்.

"சார், நீங்க இந்த மைக்ல ஒரு வார்த்தை சொன்னா போதும். பதினெட்டு வருஷம் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவிப்பைப் படித்தார். வேண்டும் என்று பரிந்துரைப்பவர் எதை எப்போது தொட்டார் என்று அடுத்துப் பார்க்கப்படும் என அடியில் எழுதியிருந்தது. அவருடைய விசைப்பலகை மேல் பழைய செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன.

"சார்?"

மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துரைசிங்கம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். மேசைக்கு அடியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, அவள் மேல் படாமல் ஒதுங்கி வெளியே போனார்.