முக்கால் சுற்று

மெக்கானிக்குக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். வீடு தீப்பிடித்தாலும் தீ எங்கே தொடங்கியது என்று பார்த்துவிட்டுத்தான் இந்த மனுஷன் தண்ணீர் ஊற்றுவான் என்பது அவன் மனைவி தெருவுக்கே கொடுத்த வாக்குமூலம்.

அன்று மத்தியானம் ஒரு வெள்ளைக் கார் கயிற்றில் இழுபட்டுப் பட்டறைக்கு வந்தது. ஒரே வாரத்தில் மூன்றாவது முறை. காரின் சொந்தக்காரர் இதய நோயாளி. நெஞ்சு வலித்தால் அரை மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. காரோ, மனசு வைத்தால் கிளம்பும். இல்லையென்றால் எருமை மாதிரி படுத்துக்கொள்ளும்.

நிதானம் பானட்டைத் திறந்தான். போன தடவை பேட்டரி முனையின் நட்டை இறுக்கி, அதன் குறுக்கே மனைவியின் நகப்பூச்சால் சிவப்புக் கோடு இழுத்திருந்தான். நட்டு நூலளவு நகர்ந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு உடைந்திருந்தது.

"யாராவது பானட்டைத் திறந்தாங்களா சார்?"

"சாவி என்கிட்டதானே இருக்கு."

"இது குலுங்கிக் கழண்டது இல்ல. ஸ்பேனர் போட்ட வேலை. சரியா முக்கால் சுத்து."

சொந்தக்காரர் முகம் வெளுத்தது. குரல் இறங்கியது.

"நானும் முக்கால் சுத்துதான் கழட்டினேன். மொத சம்சாரத்துக்கு மூச்சுத் திணறின அன்னிக்கு, இதே கார்ல. அவ பக்கத்து சீட்டுல, நெஞ்சுல தைலத்தைத் தடவிக்கிட்டு. நான் பதறுற மாதிரி சாவியைத் திருகிட்டே இருந்தேன்..."

"ஐயோ. யாருக்கும் தெரியாதா?"

"இப்ப இருக்கிறவளுக்குத் தெரியும். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்ததே அவதான்."

அடப்பாவி என்பதா, நட்டை இறுக்குவதா? தொழில் தொழில்தான். இறுக்கினான்.

அப்போதுதான் அந்த மனிதர் நெஞ்சைப் பிடித்தார். தள்ளாடிப்போய் ஓட்டுநர் இருக்கையில் விழுந்து சாவியைத் திருகினார்.

சத்தமே இல்லை.

வேறொருவனாயிருந்தால் ரோட்டுக்கு ஓடி ஏதாவது ஒரு வண்டியை மறித்திருப்பான். நிதானத்தின் கை மீட்டரைத் தேடியது. பேட்டரி பன்னிரண்டரை வோல்ட்; குறையில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினான். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு!"

காருக்குள் தைல வாடை கிளம்பியது. இடப்பக்க இருக்கை காலி. அங்கிருந்து ஒரு பெண் குரல், வெகு பரிவாக:

"பதறாதீங்க. இன்னொரு தடவை திருகுங்க."

திருகினார்.

"இன்னொரு தடவை."

திருகினார்.

"நான் இருக்கேன்ல. இன்னொரு தடவை."

கடைசியில் கை சாவியிலிருந்து நழுவித் தொடையில் விழுந்தது. யாரும் தொடாமலே இன்ஜின் கிளம்பியது. பூப்போல ஓடியது.

பத்து நாள் கழித்து இரண்டாவது மனைவி காரை எடுக்க வந்தாள்.

"இப்ப ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுதாண்ணே?"

"ஆகுதும்மா. ஆனா நீ இதை எடுத்துட்டுப் போகாத."

"ஏன், என்ன கோளாறு?"

நிதானம் வாயைத் திறந்தான். காரணம் சொல்லத் தெரியவில்லை. அவன் தொழிலில் முதல் தடவை.

"நல்ல மெக்கானிக்தான் போங்க!" என்று சிரித்தபடி ஏறினாள். ஒரே திருகலில் கார் கிளம்பியது. அவள் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையின் பெல்ட் மெல்ல நீண்டது. ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு வளைந்து, 'க்ளிக்' என்று மாட்டிக்கொண்டது.