ஒன்பதாம் எண்: உள்ளே

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள் வெளியிடப்பட்ட விசாரணை அறிக்கையின் பத்தொன்பதாம் பக்கத்தில், "ஒன்பதாம் எண் ஊழியர் தம் கையடக்கக் கருவியைத் தாமே அணைத்துவிட்டார்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. எழுவாய் தெளிவாக இருக்கிறது, பயனிலைதான் பொய்.

அந்த வாக்கியத்தை விசாரணைக் குழுவுக்கு எடுத்துக்கொடுத்தவர் பொறியாளர். ஊருக்கு அடியில் தோண்டப்பட்டுவந்த வடிகால் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்த அன்று, ஊழியர் ஒன்பது பேரில் யார் உள்ளே, யார் வெளியே என்று அவர்களின் கருவிகளைக் கேட்டு அறிவிக்க வேண்டிய வானொலி ஏற்பியை வடிவமைத்தவரும் அவரே. ஒன்பது பேரும் வெளியே என்று ஏற்பி அறிவித்தது. மதகு இறக்கப்பட்டது. குழாய் பொருத்தும் வேலை செய்த, ஒன்பதாம் எண்ணுக்குரிய பெண் உள்ளே இருந்தாள்.

அறிக்கை வெளிவந்த பன்னிரண்டாம் நாள், விடுமுறை நாளொன்றின் முற்பகலில், வெள்ள நாளில் ஏற்பி எடுத்த ஒலிப்பதிவை அழித்துவிடும் எண்ணத்தோடு பொறியாளர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அதன் ஒரே படி, செப்புத் தகடு வேய்ந்த கவச அறைக்குள் இருந்த கணினியில் கிடந்தது.

அறையின் வாயிலில் தொழில்நுட்பர் உட்கார்ந்திருந்தார். எந்தக் கதவைப் பூட்டினாலும் இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார் என்பதால், அவரை எல்லாரும் பூட்டண்ணன் என்றே அழைத்தார்கள்.

"என்ன சார், லீவு நாள்லகூட வீட்டுல விரட்டி விட்டுட்டாங்களா?"

"ஒரு பழைய பதிவைப் பார்க்கணும், பூட்டண்ணே. பத்து நிமிஷம்."

"உங்க பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா? போன தடவை அந்தப் பத்து நிமிஷத்துல எனக்கு நாலு நரைமுடி வந்துச்சு. ஒரு மணிக்கு நான் பூட்டணும். பூட்டினா மூணு நாள் கழிச்சுத்தான் திறப்பேன். காத்தும் நின்னுடும், லைட்டும் நின்னுடும். இந்தாங்க, கருவியை மாட்டிக்குங்க."

"பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பார்த்துடுங்க."

"அதெப்படி? 'பட்டியலை நம்பு, கண்ணை நம்பாதே'ன்னு எழுதி ஒட்டினதே நீங்கதானே சார்!" பூட்டண்ணன் சுவரைக் காட்டிச் சிரித்தார்.

சுவரில் அந்தத் தாள் இருந்தது. அதன் கீழே, உள்ளே செல்வோரின் கருவிகளை ஏற்பி கேட்டுக் காட்டும் பட்டியல் திரையும் இருந்தது. சுரங்கத்தில் வைத்த அதே ஏற்பி. வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவதற்காக இங்கும் ஒன்றை நிறுவியிருந்தார்கள். அறைக்குள் பேசுவதை வெளியே கேட்பதற்கும் அதைத் தவிர வேறு வழியில்லை. பொறியாளர் கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு, திரையை நிமிர்ந்து பாராமல் உள்ளே போனார்.

அந்த அறை ஒலியைத் தின்னும். சுவர், கூரை, கதவின் உட்புறம் எங்கும் கருநிறப் பஞ்சுக் கூம்புகள் முளைத்திருந்தன. சொன்ன சொல் திரும்பி வராது. இருமினால் இருமல் வாயிலிருந்து இரண்டு அடி போவதற்குள் செத்து விழும். வெளியுலகத்து அலை ஒன்றும் உள்ளே நுழையாது. உள்ளிருப்பது, மூலையில் நின்ற ஆன்டெனா என்னும் அலைவாங்கியின் கம்பி வழியாகவன்றி, வெளியே போகாது. கதவு சாத்தப்பட்டதும் காற்றோட்டக் குழாயின் மெல்லிய இரைச்சலும், காதுக்குள் தம் இரத்தம் ஓடும் ஓசையும் மட்டுமே மிஞ்சின.

அவர் பதிவைத் தேடி எடுத்தார். நான்கு நிமிடம் பத்தொன்பது வினாடி.

விரல் நின்றது. அந்தப் பதிவின் நீளம் நான்கு நிமிடம் பதினொரு வினாடி. விசாரணைக் குழுவுக்குத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்த எண் அது. எட்டு வினாடி எங்கிருந்து வந்தது? தாம்தான் தவறாக எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டார். தவறு செய்வது அவருக்குப் புதிதன்று.

அழித்திருக்கலாம். ஒரு விசையை அழுத்தினால் தீர்ந்தது. ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது; நினைக்கவே கூசுகிற ஆசை. ஒருவேளை அவளுடைய கருவி உண்மையிலேயே அணைந்திருந்தால்? ஒருவேளை அந்தப் பொய், தற்செயலாக, மெய்யாகவே இருந்துவிட்டால்?

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒன்பது கருவிகளும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசும். சந்தை இரைச்சல் போன்ற அந்தக் கலவையிலிருந்து ஒவ்வொருவர் செய்தியையும் ஏற்பியின் ஒரு பகுதி குத்துமதிப்பாக ஊகிக்கும். இன்னொரு பகுதி அந்த ஊகத்தைச் சரிபார்த்துத் தன் கருத்தைத் திருப்பிச் சொல்லும். அதைக் கொண்டு மற்றவர்களின் குரலைக் கழித்துவிட்டு, முதற்பகுதி மறுபடி ஊகிக்கும். இப்படிச் சுற்றுச் சுற்றாக, எவ்வளவு மெலிந்த குரலும் தெளிந்து வரும். விதி ஒன்றே ஒன்று: தன்னிடம் சொல்லப்பட்டதையே திருப்பிச் சொல்லக் கூடாது; அதை நீக்கிவிட்டு, தான் புதிதாகக் கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும். இல்லையென்றால், தான் கிளப்பிய வம்பையே ஊர் பேசக் கேட்டு, அது உண்மைதான் என்று சத்தியம் செய்கிறவனின் கதையாகிவிடும்.

அப்படி நீக்கும் நிரல் வரியைப் பொறியாளர் எடுத்துவிட்டிருந்தார். செயல்விளக்க நாளில் மூன்றே சுற்றில் உறுதி நூறு விழுக்காட்டைத் தொட்டது, மேலதிகாரிகள் கைதட்டினார்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். சேர்க்கவேயில்லை. வெள்ளம் வந்த அன்று, எட்டு வலுத்த குரல்கள் 'வெளியே' என்றன. ஒன்பதாவது குரல் அவற்றுக்கடியில் அமுங்கிக் கிடந்தது. அதுவும் 'வெளியே' தானோ என்று ஏற்பி மயிரிழை அளவு ஐயுற்றது. அந்த ஐயத்தைத் தனக்குத்தானே மூன்று முறை சொல்லிக்கொண்டு, நூறு விழுக்காடு நம்பிவிட்டது.

விசாரணை நடந்த கட்டடத்தின் நடைவழியில் இறந்த பெண்ணின் கணவர் பொறியாளரிடம் வந்தார். தையற்காரர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றவும் மறந்து வந்திருந்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. அவ அதை அணைச்சிருப்பாளா? ராத்திரி கேஸ் சிலிண்டரை மூடிட்டுப் படுப்பா; மறுபடி எந்திரிச்சுப் போய்த் தொட்டுப் பார்ப்பா. மூணு தடவை. சிரிப்பேன் நான்."

"பயத்துல கை பட்டிருக்கலாம்ங்க."

"அவ கையா சார்?"

தையற்காரர் பொறியாளரின் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டன் தொங்குது சார். விழுந்துடும். இருங்க" என்று தம் சட்டை மடிப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, நின்றவாக்கிலேயே நான்கு தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பொறியாளர் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு உள்ளே போய் அந்தப் பொய்யைச் சொன்னார். அந்தப் பொத்தான் இன்றும் விழவில்லை; இப்போதும் அதே சட்டையைத்தான் போட்டிருக்கிறார். சட்டையை மாற்றினாலும் மணிக்கட்டில் அந்த இடம் எரிகிறது.

இப்போது பொறியாளர், அறைக் கணினியிலிருந்த ஏற்பி நிரலில் மட்டும் அந்த வரியைச் சேர்த்தார். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டார்.

முதற்சுற்றில் எட்டுக் குரல்கள் வந்தன. இருமிக்கொண்டும் ஏசிக்கொண்டும் ஏறியவர்கள். ஒவ்வொன்றாகக் கழிந்தன. மீதி வெறும் இரைச்சல், மழை தகரத்தில் விழுவது போல. திரையில் ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே 'உள்ளே, ஐம்பத்தொரு விழுக்காடு' என்று வந்தது. இரண்டாம் சுற்றில் அறுபத்தெட்டு. இரைச்சலுக்குள் ஏதோ ஒன்று மூச்சு வாங்கியது. மூன்றாம் சுற்றில் எண்பத்தெட்டு. ஐந்தாம் சுற்றில், காதின் மடலோடு உதடு பட நின்று பேசுவது போல, தெளிவாக:

"நான் இன்னும் வரல. யாராச்சும் கேக்குறீங்களா? மதகை இறக்காதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

ஆசை செத்தது. அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். யாருமில்லாத அறையில், யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று தெரியாமலே மூடிக்கொண்டார்.

பதிவு நான்கு நிமிடம் பதினொரு வினாடியைத் தொட்டது. அங்கே முடிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு. பதின்மூன்று. பத்தொன்பதையும் தாண்டி ஓடிற்று. அவள் பேசவில்லை, ஆனால் ஈரமான எதையோ நகர்த்திக்கொண்டு வருவது கேட்டது. ஒன்பதாம் எண்ணின் வலிமையைக் காட்டும் கோடு, சுற்றுக்குச் சுற்று, ஏறிக்கொண்டே இருந்தது. அலைவாங்கிக்கு நெருங்க நெருங்கத்தான் அந்தக் கோடு ஏறும். எந்த அலைவாங்கிக்கு?

அவர் காதொலிப்பானைக் கழற்றினார். பதிவு ஓடும் சாளரத்துக்கு அடியில், சிறு எழுத்தில், உள்வரவு எங்கிருந்து வருகிறது என்று எழுதியிருந்தது. கோப்பிலிருந்து அல்ல. மூலையில் நின்ற அலைவாங்கியிலிருந்து.

அறையில் ஈரச் சிமெண்டின் வாடை. அதற்கடியில் துருவும் சாக்கடைச் சேறும் கலந்த நாற்றம். எங்கோ நீர் சொட்டியது. இந்த அறையில் எந்த ஒலிக்கும் எதிரொலி கிடையாது. சொட்டிய நீருக்கு இருந்தது. நீண்ட, குழாய் போன்ற எதிரொலி.

மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு.

அவர் கருவியின் பேச்சுப் பொத்தானை அழுத்தினார். வாழ்க்கையில் முதன்முறையாக, ஒருவரும் கேட்காமலே, உண்மை தானாக வந்தது. "பூட்டண்ணே, நான் உள்ளேதான் இருக்கேன். பூட்டாதீங்க. அவங்க கருவியை அணைக்கல. தப்பு என்னுது. நான் எழுதிக் கொடுத்தது பொய். எழுதிக்குங்க அண்ணே, பொய்."

உள்திரையில் அவருடைய கோடு துடித்தது. குன்றிமணி அளவு. அதன் அருகே ஒன்பதாம் எண்ணின் கோடு, திரையின் உச்சியை முட்டிக்கொண்டு. அருகில் நிற்பவரின் குரல் தொலைவில் நிற்பவரை மூழ்கடிக்கும். இந்தத் துறையில் முதல் நாள் கற்கும் பாடம் அது. ஆனால் அலைவாங்கிக்கு அவரைவிட அருகில் யாரும் நிற்கவில்லை. யாரும் தெரியவில்லை.

வெளிப் பட்டியலின் நகல் திரையின் ஓரத்தில் இருந்தது. அதை இயக்குவது பழைய ஏற்பி. அந்த வரி இல்லாதது.

பொறியாளர்: வெளியே. ஐம்பத்திரண்டு விழுக்காடு.

"இல்ல," என்றார்.

எழுபத்தொன்பது.

"பூட்டண்ணே!"

நூறு.

ஒன்பதாம் எண் அந்தப் பட்டியலில் இல்லை. அறிக்கை வந்த மறுநாள் அதை நீக்கியவர் அவரேதான். சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பூட்டண்ணனின் குரல், தனக்குத்தானே பேசிக்கொள்வது போல, சாப்பாட்டு வேளையின் நிம்மதியோடு வந்தது: "அட, கிளம்பிட்டீங்களா சார்? நான் டீ குடிக்கப் போன நேரத்துல சொல்லாமக்கூடப் போயிட்டீங்களே. நல்லா இருங்க."

நெம்புகோல் இறங்கியது. கதவு ஒரு முறை இழுபட்டது. இரண்டாம் முறை.

அவர் கதவில் மோதினார். பஞ்சுக் கூம்புகள் அடியை வாங்கிக்கொண்டன. கத்தினார். குரல் இரண்டு அடி போய்ச் செத்தது. விளக்கு அணைந்தது. திரை அணைந்தது. காற்றோட்டக் குழாய் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

இருட்டு.

கணுக்கால் குளிர்ந்தது. நீர்.

இடுப்பிலிருந்த கருவியின் பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, அதையே பார்த்தார். ஒரு கை வந்து அந்த ஒளியை மறைத்தது. நீரில் ஊறி வெளுத்த கை. அது கருவியின் திருகைத் தொட்டுப் பார்த்தது. அணைந்திருக்கவில்லை. கை விலகியது.

திரும்பி வந்தது. தொட்டுப் பார்த்தது. அணைந்திருக்கவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது விலகவில்லை. சட்டைக் கையிலிருந்த பொத்தானை, ஈர விரல்கள், தையல் உறுதியாக இருக்கிறதா என்று மெல்ல இழுத்துப் பார்த்தன.

அறிக்கையின் நகல் உங்களிடமும் இருக்கும். பத்தொன்பதாம் பக்கத்தைத் திருப்புங்கள். அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அவள் அணைக்கவில்லை என்று, உங்கள் கையாலேயே, தெளிவாக எழுதுங்கள். அவள் காத்திருப்பது அதற்குத்தான்; அதன் பிறகே போய் அந்தக் கவச அறையின் கதவைத் திறவுங்கள். வரிசை மாறக் கூடாது.