ஆறு குழிகள்

தட்டின் ஆறு குழிகளிலும் இருந்தவை ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தன.

லாரிசா முதலில் தன் கையைத்தான் சந்தேகித்தாள். இன்குபேட்டரிலிருந்து எடுக்கும்போது தட்டு சாய்ந்திருக்கும், பட்டாணி அளவுள்ள அந்த மூளைத் திசுக்கள் ஓரத்துக்கு உருண்டிருக்கும் என்று நினைத்து, தட்டை மேசைமேல் சமமாக வைத்து, லேசாக ஆட்டிவிட்டுக் காத்திருந்தாள். இளஞ்சிவப்புத் திரவம் அலம்பி அடங்கியது. அவை நடுவுக்கு வரவில்லை. மேசையோரம் நிற்கும் விளக்குப் பலகையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், பிளாஸ்டிக் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

அது எப்போதும் இருட்டாகவே இருக்கும் அறை. மருந்து ஊறிய திசு நேரம் வருமுன் வெளிச்சத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதால் ஜன்னல் கிடையாது; மூலையில் ஒரு மங்கலான பச்சை பல்ப், அவ்வளவுதான். வெளியே எட்மன்டன் நகரத்து டிசம்பர், மாலை காப்பி குடிக்கும் நேரத்துக்கே இருட்டிவிட்டிருந்தது. உள்ளே காற்றாடியின் ஒரே சுருதி இரைச்சல், ஸ்பிரிட் வாடை, அதற்கடியில் தூங்கி எழுந்த உடம்பின் கதகதப்பைப் போல லேசான இனிப்பு கலந்த ஒரு வாடை. அந்த இரண்டாவது வாடை திரவத்திலிருந்து வருவதாகத்தான் அவள் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தாள்.

வேலை ஒன்றும் சிக்கலானதில்லை. யாரோ ஒரு நோயாளியின் தோலிலிருந்து வளர்த்த மூளைத் திசு. அதற்குள் அதே நோயாளியின் புற்றுக்கட்டியை விதைத்திருந்தார்கள். மருந்து கட்டிக்குள் மட்டும் போய்ச் சேரும். சிவப்பு ஒளி பட்டால் கட்டி உள்ளுக்குள்ளேயே எரிந்து சாகும், நல்ல திசு பிழைக்கும். பிழைக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. கோடையிலிருந்து தினமும் அவள்தான் ஒளி பாய்ச்சினாள்.

அவளுடைய தம்பி மிரோன் இதே நோயில்தான் போனான். ஆய்வகத்தை நடத்தும் கொரின் அவளுக்குக் கல்லூரிக் காலத்துத் தோழி. மிரோன் படுத்திருந்த மாதங்களில் பீட்ரூட் சூப் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, லாரிசா கொஞ்சம் கண்ணயரட்டும் என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அடக்கம் முடிந்த அன்று, தேவாலயக் கூடத்தில் எல்லோரும் பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள்தான் லாரிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “வீட்ல உக்காந்து அழுதது போதும்டி. எங்கூட வா. அவனைக் கொன்னதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து கொல்லுவோம்.”

லாரிசா தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

முதல் குழியில் இருந்ததன் மேல்பரப்பில் இரண்டு கரும்புள்ளிகள். அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. மூளைத் திசு தன்பாட்டில் வளரும்போது சில சமயம் கண்ணுக்கான மொட்டும் விடும், கொரினே சொல்லியிருக்கிறாள். ஆனால் இடது புள்ளி வட்டமாக இல்லை. கீழே ஒரு பிளவு. சாவித் துவாரம் போல.

இரண்டாவது குழியிலும் அதே பிளவு. மூன்றாவதிலும். அவள் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். ஆறாவதிலும் அதேதான்.

மிரோன் பிறக்கும்போதே அப்படித்தான். இடது கண்ணின் பாவை கீழே வழிந்து சாவித் துவாரமாக நிற்கும். பள்ளிக்கூடத்தில் ‘பூட்டுக்கண்ணா’ என்று கூப்பிடுவார்கள். “சாவி எங்கிட்டதான் இருக்கு, பாத்து நடந்துக்க,” என்று சிரிப்பான்.

சுவரில் இருந்த ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினாள். கொரினின் அறை பக்கத்தில்தான்.

“கொரின். இது யாரோடது?”

“எதைக் கேக்குற?”

“இந்தத் திசு. யார்கிட்டேர்ந்து எடுத்தது?”

பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

“உனக்குத் தெரியாமலே இருக்கட்டும்னு நெனச்சேன்டி.”

“மிரோன் சம்மதிச்சானா?”

“கேட்டேன். மாட்டேன்னான். பேசுறது அவன் இல்ல, அந்தக் கட்டிதான்னு எனக்குத் தோணிச்சு. ஆபரேஷன்ல எடுத்த கட்டி எப்படியும் குப்பைக்குப் போறதுதானே, அதை நான் வாங்கி வச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள், அவன் தூங்கினப்புறம், கையில ஒரு துளித் தோல். வலிச்சே இருக்காது.”

“நான் அடுத்த ரூம்ல இருந்தேன்.”

“நீயும் தூங்கிட்டிருந்த.”

கடைசி மாதங்களில் மிரோனுக்கு வெளிச்சம் ஆகவில்லை. கதவிடுக்கில் ஒரு கீற்று விழுந்தால்கூடத் தலையைப் பிடித்துக்கொண்டு அலறுவான். ஜன்னல்களில் கம்பளியை ஆணியடித்து மாட்டினாள் லாரிசா. ‘அணைச்சிடு, லாரா’ என்பதைத் தவிர அவன் அவளிடம் வேறெதுவும் கேட்டதில்லை. கோடையிலிருந்து தினமும் அவள் அவன்மேல் ஒளி பாய்ச்சியிருக்கிறாள்.

“என்னை ஏன்டி இதுல இழுத்த?” லாரிசா ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள். “வேற ஆளே கிடைக்கலியா?”

“வேற ஆள வச்சும் பாத்தேன். அசையல.” கொரினின் குரலில் மெல்லிய பரபரப்பு. “நீ உள்ள வந்தா மட்டும் அசையுது. முதல் வாரமே, இருட்டுலயும் தெரியுற கேமராவுல பாத்தேன். உன் குரலா, வாசனையா, என்னன்னு தெரியல. கண்டுபிடிக்க வேண்டாமா?”

லாரிசா தலை நிமிர்ந்தாள். கூரையின் மூலையில், இருட்டுக்குள், மணியளவு கண்ணாடி ஒன்று மின்னியது.

மூலைக்குப் போய்ப் பச்சை பல்பையும் அணைத்தாள்.

முழு இருட்டு.

தடவிக்கொண்டே மேசைக்கு வந்தாள். கையுறையைக் கழற்றினாள். தட்டின் மூடியை எடுத்தாள். அந்த வாடை முகத்தில் அடித்தது. இப்போது தெரிந்தது. கம்பளிக்கடியில், வியர்த்த தலையணையில், மாதக்கணக்கில் அவள் சுவாசித்த வாடை.

“நான்தான்,” என்றாள். “அணைச்சிட்டேன். பயப்படாத.”

சுண்டுவிரலை ஒரு குழிக்குள் விட்டாள். திரவம் உடம்புச் சூட்டில் இருந்தது. அசையாமல் நின்றாள். காற்றாடி இரைந்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு திரவத்தில் ஒரு சிறு அலம்பல்.

மென்மையாக ஏதோ விரலைத் தொட்டது. விலகியது. மறுபடி தொட்டது. சதையோடு சதையாகப் படிந்து, நுனியைச் சுற்றி மெல்ல மெல்ல வளைந்து, பிடித்துக்கொண்டது.

மற்றக் குழிகளிலும் அலம்பல். ஒவ்வொன்றாக. அவள் பக்கம்.

“மிரோன்.”

பிடி இறுகியது.

“அசையாத, லாரிசா,” என்றது ஸ்பீக்கர், கெஞ்சுவதுபோல. “தங்கமே, கைய மட்டும் எடுத்துடாத. அப்படியே இரு.”

“கொரின், வேண்டாம்...”

கிளிக்.

கொரின் தன் அறையிலிருந்தே போட, தட்டுக்கு எதிரே நின்ற விளக்குப் பலகை எரிந்தது. அறை முழுக்கச் சிவப்பு. ஐந்து குழிகளில் இருந்தவை சுவரோரம் சிதறி ஓடின. ஒன்றோடொன்று சேர வழியில்லாமல் தனித்தனியே ஒடுங்கித் துடித்தன.

அவள் விரலைப் பிடித்திருந்தது மட்டும் ஓடவில்லை.

கையை இழுத்தாள். வரவில்லை. ஒளியை மறைக்க மறுகையைத் தட்டுக்கும் பலகைக்கும் நடுவில் திணித்தாள். விரல்களுக்கிடையே சிவப்பு கசிந்தது. திசு உள்ளிருந்து வெளுக்கத் தொடங்கியது. சின்னஞ்சிறு நடுக்கங்கள் அவள் எலும்புவரை வந்தன. அந்தக் கண் மட்டும் மூடவில்லை. அதற்கு இமை இல்லை. சாவித் துவாரம் அகலத் திறந்து, அந்த வெளிச்சத்தில், யார் விளக்கைப் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டதுபோல, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.